தலையில் ஆபரேஷன்... வயிற்றில் நீர்க்கட்டி! டியூப் வைத்தவர்கள் உஷார்

வல்லம்:
மூளையில் ஆபரேஷன் செய்தவருக்கு ஈரல் பக்கத்தில் கட்டி வருமா? தலைக்கும் வயித்துக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். ஆனால் சம்பந்தம் இருக்கிறது. அது ஒரு மெல்லிய டியூப்.

நம் மூளையைச் சுற்றி தெளிந்த நீர் ஓடுகிறது. பெரியவர்களுக்கு தினமும் சுமார் அரை லிட்டர், அதாவது ஒரு பால் பாக்கெட் அளவு சுரக்கிறது. காசநோய் மூளைக்காய்ச்சல், கட்டி, ரத்தக்கசிவு போன்றவற்றால் இந்த நீர் வடியாமல் தேங்கினால் உயிருக்கே ஆபத்து. எனவே தலையில் இருந்து கழுத்து, மார்பு வழியாக தோலுக்கு அடியிலேயே டியூப் விட்டு வயிற்றுக்குள் இறக்குகிறார்கள். இதற்குப் பெயர் 'ஷன்ட்'. வயிற்று ஜவ்வு அந்த நீரை உறிஞ்சி ரத்தத்தில் சேர்த்து விடும்.

(இதில் உள்ள வால்வுக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் அமெரிக்காவில் பூட்டு கம்பெனியில் வேலை பார்த்த ஜான் ஹோல்டர். தலையில் நீர் கோர்த்த தன் மகனுக்காக 1956-ல் செய்தார். நம் நாட்டில் விலை குறைந்த 'சாப்ரா' ஷன்ட், உத்தரபிரதேசத்தில் தயாராகிறது.)

கட்டி எப்படி வருகிறது?

டியூப் முனையில் கிருமி தொற்றினாலோ, பழைய வயிற்று ஆபரேஷனால் குடல் ஒட்டிக்கொண்டு இருந்தாலோ ஜவ்வு நீரை உறிஞ்சாது. மடை அடைபட்ட வாய்க்கால் மாதிரி நீர் அங்கேயே தேங்கி, சுற்றிலும் பை போல ஆகிவிடும். சிலருக்கு இது ஈரலை ஒட்டியே வரும். இது புற்றுநோய் அல்ல. டாக்டர்கள் 'பொய் நீர்க்கட்டி' என்கிறார்கள். எல்லோருக்கும் வராது, சிலருக்குத்தான். ஆனால் டியூப் வைத்து பல வருஷம் கழித்தும் வரலாம். சிக்கலே அங்கேதான்.

குழந்தைகளுக்கு தலைவலி, வாந்தி முன்னால் தெரியும். பெரியவர்களுக்கோ பெரும்பாலும் வயிறுதான் முதலில் சொல்லும். வலது விலா எலும்புக்கு கீழே வலி, வயிறு உப்புசம், கையில் தட்டுப்படும் வீக்கம். நாமோ 'கேஸ்' என்று மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வோம். டியூப் இருக்கும் விஷயத்தைச் சொல்லாவிட்டால் ஈரல் சீழ்க்கட்டி என்றுகூட நினைக்க வாய்ப்பு உண்டு. சொல்லிவிட்டால் ஸ்கேனில் கட்டிக்குள் டியூப் முனை இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

ஊசி போட்டு நீரை எடுத்தால் மட்டும் போதாது, மறுபடி நிரம்பலாம். கிருமி இருந்தால் டியூப்பை வெளியே எடுத்து, நீரை பையில் வடிய விட்டு, மருந்து கொடுப்பார்கள். பிறகு வயிற்றில் வேறு இடத்திலோ, இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் வழியாகவோ புது டியூப் வைப்பார்கள். கட்டியை அறுத்து எடுக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

வல்லம், செஞ்சி பக்கத்து ஆட்கள் தலை ஆபரேஷனுக்கு புதுச்சேரி ஜிப்மர், சென்னை அரசு பொது மருத்துவமனை என்று போகிறார்கள். வயித்து வலிக்கு காட்டுவதோ உள்ளூர் டாக்டரிடம். அவருக்கு பழைய கதை எப்படித் தெரியும்? டிஸ்சார்ஜ் சீட்டை ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்து, கையோடு எடுத்துப் போங்கள்.

வயித்து வலியோடு தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம், நடையில் தள்ளாட்டம் சேர்ந்தால், தலையில் மறுபடி நீர் ஏறுகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே 108-க்கு போன் போடுங்கள்.