மின்பொறியியல் கல்வியும் தோட்டத்துப் பிள்ளைகளும்

பேராக் மாநிலத்தின் தென்பகுதியிலுள்ள செம்பனைத் தோட்டமொன்றுக்கு அலுவல் காரணமாக நாம் சென்றிருந்தோம். கூட்டம் முடிந்து மக்கள் கலைந்த பின்னர், ஒரு தந்தை தயங்கியவாறு நம்மிடம் வந்தார். அத்தோட்டத்துச் செம்பனை ஆலையின் கொதிகலன் பகுதியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்து வருபவர் அவர். அவருடைய மூத்த மகள் எஸ்.பி.எம். தேர்வில் கணிதத்திலும் பௌதிகத்திலும் சிறப்பாகத் தேறியிருந்தாள். பொறியியல் மெட்ரிகுலேஷன் கல்லூரியில் அவளுக்கு இடமும் கிடைத்திருந்தது. அதே வாரத்தில், பக்கத்து நகரத்து மின்னணுத் தொழிற்சாலையொன்றிலிருந்து வேலைக்கு வரச்சொல்லிக் கடிதமும் வந்துவிட்டது.

"கரண்டு வேலைக்குப் பல்கலைக்கழகம் எதற்கு ஐயா? எங்கள் தோட்டத்து ஒயர்மேன் ஆறாம் வகுப்போடு நின்றவர்தானே? அதுவும் பெண்பிள்ளை..." என்று அவர் இழுத்தார்.

அவருடைய கேள்வி நியாயமானதே. அதைக் கேட்காமலேயே முடிவெடுத்துவிடும் பெற்றோர் பலர். ஆகவே அன்று அவரிடம் நாம் கூறியவற்றையும், நேரமின்மையால் கூறாமல் விட்டவற்றையும் இங்கே சற்று விரிவாக எழுத முற்படுகிறோம்.

முதலில் ஒயர்மேன் தொழிலைப் பற்றி. அத்தொழிலை நாம் சிறிதும் தாழ்வாகக் கருதவில்லை. 1990ஆம் ஆண்டின் மின்சார விநியோகச் சட்டத்தின்படி, எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்றவரே அவ்வேலையைச் செய்யலாம். ஆலைகளின் மின்சாதனங்களைப் பொறுப்பேற்று நடத்தும் 'சார்ஜ்மேன்' என்பவருக்கும் அவ்வாறே சான்றிதழ் உண்டு. அவர்கள் கம்பியை இழுத்துப் பொருத்துகிறார்கள், விசையைப் போடுகிறார்கள், பழுதைக் கண்டுபிடிக்கிறார்கள். அந்தக் கம்பி எவ்வளவு பருமனாக இருக்க வேண்டும், பழுது நேர்ந்தால் எந்த விசை முதலில் விழ வேண்டும், ஆலைக்குப் புதிய இயந்திரம் வந்தால் இருக்கின்ற ஜெனரேட்டர் தாங்குமா என்பனவற்றை முன்கூட்டியே கணக்கிட்டு, வரைபடத்தில் கையொப்பமிட்டு, விபத்து நேர்ந்தால் சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டியவர் பொறியாளர். பல்கலைக்கழகம் கற்பிப்பது அந்தக் கணக்கை.

அத்தந்தையிடம் நாம் வேறொன்றையும் நினைவூட்டினோம். அவர் வேலை செய்யும் இடமே ஒரு சிறு மின்நிலையந்தான். பழக்குலைகளைப் பிழிந்த பின் எஞ்சும் நாரும் கொட்டை ஓடும் கொதிகலனில் எரிகின்றன. அதனால் எழும் நீராவி டர்பைனைச் சுழற்றுகிறது. டர்பைனோடு இணைந்த ஜெனரேட்டரிலிருந்து பிறக்கும் மின்சாரத்தில்தான் ஆலை முழுதும் ஓடுகிறது. மாலையில் தோட்டத்து ஜெனரேட்டரை ஓட்டி, இரவு பத்து மணிக்கெல்லாம் நிறுத்திவிடும் வழக்கம் இருந்த காலத்தை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். லயத்தில் விளக்கு அணைந்ததும் பாடப் புத்தகத்தை மூடிவைத்த தலைமுறை அது.

இந்நாட்டில் மின்சாரத்தின் வரலாறு தொடங்கிய இடத்திலேயே ஒரு தமிழர் இருக்கிறார் என்பது பலருக்கும் தெரியாத செய்தி. 1894ஆம் ஆண்டில் சிலாங்கூர், ரவாங்கில் தங்கள் ஈயச் சுரங்க வேலைக்காக மின்னியற்றியை நிறுவியவர்கள் லோக் யூ, தம்புசாமிப் பிள்ளை என்னும் இருவர். பத்துமலைக் கோயிலோடு நாம் தொடர்புபடுத்திப் பேசும் அதே தம்புசாமிப் பிள்ளைதான். பிறகு 1949இல் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. அது 1965இல் தேசிய மின்சார வாரியம் என்று பெயர் மாறி, 1990இல் தெனாகா நேஷனல் நிறுவனமாயிற்று.

சரி, கணக்கு என்றோமே, அது எத்தகையது? ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 1,000 கிலோவாட் மின்திறனைத் தொலைவிலுள்ள ஊருக்கு அனுப்ப வேண்டும். கம்பியின் மின்தடை 1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 1,000 வோல்ட் அழுத்தத்தில் அனுப்பினால் கம்பியில் 1,000 ஆம்பியர் ஓட வேண்டும். கம்பி சூடேறுவதால் ஏற்படும் இழப்பு, மின்னோட்டத்தின் இருபடியை மின்தடையால் பெருக்கி வருவதாகும். பெருக்கிப் பாருங்கள்: 1,000 கிலோவாட். அனுப்பியது அத்தனையும் வழியிலேயே போய்விடும்; ஊருக்கு ஒன்றும் வந்து சேராது! அழுத்தத்தைப் பத்து மடங்காக்கி 10,000 வோல்ட்டில் அனுப்பினால், ஓட்டம் 100 ஆம்பியராகக் குறைகிறது. இழப்போ 10 கிலோவாட்தான். அதாவது நூற்றில் ஒரு பங்கு. நெடுஞ்சாலையோரத்து இரும்புக் கோபுரங்களில் 132,000, 275,000, 500,000 வோல்ட் என்று மின்சாரம் பாய்வதற்கும், நம் வீட்டருகே வந்ததும் மின்மாற்றிகள் அதனை 230 வோல்ட்டாக இறக்கிக் கொடுப்பதற்கும் காரணம் இதுவே. இக்கணக்கைப் போட நான்காம், ஐந்தாம் படிவப் பௌதிகம் போதும். பல்கலைக்கழகத்தில் இதுபோல் நூற்றுக்கணக்கான கம்பிகளையும் நிலையங்களையும் ஒருசேர வைத்துக் கணக்கிட வேண்டியிருக்கும்.

அக்கணக்கில் என்ன இருக்கிறது என்பதை 1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள் நாடே உணர்ந்தது. திரங்கானுவிலுள்ள பாக்கா மின்நிலையத்தை ஒட்டிய பரிமாற்றக் கம்பியில் கோளாறு ஏற்பட்டது. சற்று நேரத்தில் தீபகற்ப மலேசியா முழுவதும் இருளில் மூழ்கியது. எங்கோ ஒரு மூலையில் நேர்ந்த கோளாறு ஜொகூர் வரையில் எப்படிப் பரவியது? பெரும் மின்கட்டமைப்பில், எந்த நொடியில் எவ்வளவு செலவாகிறதோ அந்த நொடியில் அவ்வளவு உற்பத்தியாக வேண்டும். பழக்குலை லாரி சேற்றில் சிக்கிப் பத்துப் பேர் தள்ளும்போது இருவர் கைவிட்டால், மற்றவர்மீது பாரம் ஏறும். அவர்களும் தாளாமல் ஒவ்வொருவராக விலகுவர். மின்நிலையங்களும் அத்தகையனவே. நொடிக்கு 50 சுற்று என்னும் அலைவெண் இறங்கத் தொடங்கினால், இயந்திரங்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே விலகிவிடும். அந்நிலை வராமல், எந்தப் பகுதியின் மின்சாரத்தை எந்த நொடியில் துண்டித்து எஞ்சிய பகுதிகளைக் காப்பது என்று முன்னரே திட்டமிட்டு வைப்பதும் மின்பொறியாளரின் வேலைகளுள் ஒன்று.

இனிப் படிப்பைப் பற்றிக் கூறுவோம். இளங்கலைப் பொறியியல் பட்டத்திற்குப் பொதுவாக நான்கு ஆண்டுகள். முதலாண்டில் பெரும்பகுதி கணிதமும் மின்சுற்றுகளும் கணினி நிரலெழுதுதலுமாகும். அடுத்த ஆண்டுகளில் மின்னணுவியல், மின்காந்தவியல், மின்இயந்திரங்கள், கட்டுப்பாட்டியல், செய்தித் தொடர்பு, மின்கட்டமைப்பு ஆகியவை தொடரும். இடையில் சில வாரங்கள் தொழிற்சாலையிலோ மின்நிலையத்திலோ பயிற்சி உண்டு. இறுதியாண்டில் மாணவர் தாமே ஒன்றை வடிவமைத்துச் செய்துகாட்ட வேண்டும். சோதனைக்கூட வேலையில் கம்பிகளையும் மின்தடைகளையும் நிறங்கொண்டு அறிய வேண்டியிருப்பதால், நிறக்குருடு உள்ளவர்களைச் சில படிப்புகளில் சேர்ப்பதில்லை. விண்ணப்பிக்கும் முன் கண்ணைச் சோதித்துக்கொள்வது நல்லது.

மாணவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் கணிதந்தான். மாறுதிசை மின்னோட்டத்தைப் புரிந்துகொள்ள சைன், கோசைன் வேண்டும், நுண்கணிதம் வேண்டும். இவற்றின் அடிப்படை, கூடுதல் கணிதப் பாடத்தில் இருக்கிறது. அதை எடுப்பதா விடுவதா என்ற முடிவு நான்காம் படிவத்தில், பதினாறு வயதில், பல வேளைகளில் ஒரே நாளில் எடுக்கப்படுகிறது.

இங்கு நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், தோட்டத்திலிருந்து பேருந்தில் வந்து படித்த மாணவன் ஒருவன் கூடுதல் கணிதத்தில் முதல் தேர்விலேயே மிகக் குறைந்த புள்ளிகள் வாங்கினான். அதை விட்டுவிட்டு எளிதான பாடமொன்றை எடுத்துக்கொள்ளும்படி நாமே அவனுக்கு ஆலோசனை கூறினோம். தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றிய கவலை நமக்கு, வேறு காரணமில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் பினாங்கில் அவனைச் சந்தித்தபோது, இயந்திரப் பழுதுபார்க்கும் பிரிவில் கெட்டிக்காரனென்று பெயரெடுத்திருந்தான். பொறியாளர் பதவிக்கு விண்ணப்பிக்க மட்டும் அவனால் முடியவில்லை. நம்மைக் குறைகூறும் எண்ணமின்றித்தான் அதைச் சொன்னான். அதனால்தானோ என்னவோ, அது நம் நெஞ்சில் தங்கிவிட்டது. நான்காம் படிவத்தின் முதல் தேர்வில் கூடுதல் கணிதத்தில் 20 புள்ளி வாங்குவது உலகில் நடக்காத செயலன்று. பெற்றோர் அதற்காகப் பதற வேண்டியதில்லை.

பல்கலைக்கழகத்தை அடையும் வழிகள் மூன்று. எஸ்.பி.எம்.முக்குப் பின் மெட்ரிகுலேஷன் சேர்வது ஒன்று. பொறியியலுக்கென்றே கெடா, பகாங், ஜொகூர் ஆகிய மாநிலங்களில் மெட்ரிகுலேஷன் கல்லூரிகள் உள்ளன. ஆறாம் படிவத்தில் பௌதிகமும் கணிதமும் எடுத்து எஸ்.டி.பி.எம். எழுதுவது இரண்டாவது. கடினமான தேர்வாயினும், வீட்டிலிருந்தே பள்ளிக்குச் சென்று வரலாம். மூன்றாவது, போலிடெக்னிக் வழி. 1969இல் ஈப்போவில் தொடங்கிய உங்கு ஓமார் போலிடெக்னிக் நாட்டின் முதலாவது. அங்கு டிப்ளோமா முடித்து நல்ல தேர்ச்சி பெற்றோர் பட்டப்படிப்பில் சேரலாம். சுற்று வழி என்று இதனைச் சிலர் ஒதுக்குகின்றனர். நம் கருத்து வேறு. சோல்டரிங் இரும்பைக் கையில் பிடித்துப் பழகிய பின் பல்கலைக்கழகம் செல்லும் மாணவனுக்குச் சோதனைக்கூடத்தில் அச்சமிராது. இடையில் குடும்பச் சூழ்நிலையால் நிற்க நேர்ந்தாலும் டிப்ளோமா கையில் இருக்கும்.

மலாயாப் பல்கலைக்கழகம், ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், நிபோங் திபாலில் பொறியியல் வளாகம் கொண்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் ஆகியவற்றோடு, மலாக்கா, பெர்லிஸ், பத்து பகாட் ஆகிய இடங்களிலுள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களிலும் இத்துறை உண்டு. தெனாகா நேஷனலுக்கு உரிய தனிப் பல்கலைக்கழகமும் இருக்கிறது.

பணங்கட்டும் முன் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள். 1967ஆம் ஆண்டின் பொறியாளர் பதிவுச் சட்டப்படி, மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிவு பெற்றவரே இந்நாட்டில் பொறியாளர் என்ற பெயரில் தொழில் நடத்தலாம். பொறியியல் அங்கீகார மன்றத்தின் அங்கீகாரம் பெற்ற பட்டத்தைப் படித்தவர் பட்டதாரிப் பொறியாளராகப் பதிந்துகொண்டு, மூன்றாண்டு அனுபவத்திற்குப் பின் தேர்வுக்கு அமர்ந்து முழுத் தகுதி பெறலாம். பெயருக்கு முன் 'ஐ.ஆர்.' என்று போட்டுக்கொள்பவர்கள் அவர்கள். 2009இல் மலேசியா வாஷிங்டன் உடன்பாட்டின் முழு உறுப்பினராயிற்று. அதன்பின் அங்கீகாரம் பெற்ற நம் பட்டங்கள் பிற உறுப்பு நாடுகளிலும் மதிக்கப்படுகின்றன. 'பொறியியல்' என்று ஒரு பட்டமும், 'பொறியியல் தொழில்நுட்பம்' என்று வேறொரு பட்டமும் உண்டு. பின்னதும் பயனுள்ள படிப்பே. ஆனால் அதற்குரிய பதிவு வேறு. இவ்வேறுபாட்டை விளம்பரத் தாள்கள் பெரிய எழுத்தில் அச்சிடுவதில்லை. அழகான கட்டடத்தையும் குளிர்சாதன வகுப்பறையையும் கண்டு கடன்பட்டுச் சேர்ந்துவிட்டு, இறுதியாண்டில் விவரமறிந்து கலங்கிய பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பட்டியலை வாரியம் வெளியிடுகிறது. அதில் படிப்பின் பெயரும் சேரும் ஆண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

செலவைப் பொறுத்தவரை, அரசாங்கப் பல்கலைக்கழகக் கட்டணத்தில் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. மெட்ரிகுலேஷன் மாணவர்க்கு மாதப் படி உண்டு. பட்டப்படிப்புக்கு 1997இல் அமைந்த பி.டி.பி.டி.என். கடனுதவி இருக்கிறது; வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் முதல் வகுப்பில் தேறினால், நிபந்தனைகளுக்குட்பட்டு அதைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்குக் கோரலாம்.

வேலை வாய்ப்புக்கு வருவோம். மின்நிலையங்களும் மின்விநியோகமும் ஒரு புறம். 1972இல் பினாங்கு, பாயான் லெப்பாஸில் இன்டெல் போன்ற நிறுவனங்கள் வந்தது முதல் வளர்ந்து, கூலிம் வரை பரவியிருக்கும் மின்னணுத் தொழில் மற்றொரு புறம். 2024இல் அறிவிக்கப்பட்ட தேசிய அரைக்கடத்தித் திட்டம் 60,000 பொறியாளர்களை உருவாக்க இலக்கு வைத்துள்ளது. 2023இன் எரிசக்தி மாற்றத் திட்டமோ, 2050க்குள் மின்உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு சூரிய ஒளி, நீர் முதலியவற்றிலிருந்து வர வேண்டும் என்கிறது. வெயிலடித்தால் ஏறி, மேகம் மூடினால் இறங்கும் மின்சாரத்தைக் கட்டமைப்பில் சேர்ப்பது எளிதன்று. மேலே கூறிய லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். நம் முன்னோர் பலர் உழைத்த ரயில்வேயில் இன்று மின்சார ரயில்கள் ஓடுகின்றன. செம்பனை ஆலைகளில் கழிவுநீரிலிருந்து எரிவாயு பிடித்து மின்சாரம் எடுக்கிறார்கள். இவையனைத்திற்கும் ஆள் வேண்டும்.

பெண்பிள்ளை என்ற தயக்கத்திற்கு நாம் கூறிய விடை சுருக்கமானது. அந்தத் தொழிற்சாலையிலிருந்து வந்த கடிதத்தை வாங்கிப் பார்த்தோம். இயந்திர இயக்குநர் வேலை. பன்னிரண்டு மணி நேர முறை. அதே தொழிற்சாலையில் பொறியாளர்களும் இருக்கிறார்கள். அவர்களுள் பெண்களும் உண்டு. அதே வாசல் வழியாகத்தான் அவர்களும் நுழைகிறார்கள். ஐந்தாண்டுக் காலம் மகளின் சம்பளம் வீட்டுக்கு வராது என்பது உண்மை. இரண்டு தம்பிகள் படித்துக்கொண்டிருக்கும் வீட்டில் அது சிறிய இழப்பன்று என்பதையும் நாம் மறைக்கவில்லை.

அவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "ஆலையில் டர்பைன் நின்றுபோனால் வெளியூரிலிருந்து ஒருவர் காரில் வருவார் ஐயா. வந்து, காகிதத்தில் ஏதோ எழுதிப் பார்ப்பார். அவர் சொன்ன பிறகுதான் நாங்கள் கை வைப்போம். அவர் படித்தது இதுதானா?" என்று கேட்டார்.

ஆம் என்றோம். கல்லூரியில் இடம் வேண்டுமென்று பதில் தெரிவிக்க அப்போது நான்கு நாட்கள் எஞ்சியிருந்தன. பாரத்தை எப்படி நிரப்புவது என்று கேட்டு மகளையும் அழைத்துவந்தார். சமூக மண்டபத்து மேசையிலேயே மூவரும் உட்கார்ந்து அதை நிரப்பினோம்.