அதே சிவப்பு: கையடக்க ஸ்பெக்ட்ரோ எப்படி இயங்குகிறது?

பழைய பட்டாசுப் பெட்டி லேபிளை நீட்டி, "இதே சிவப்பு வேணும்ணே" என்று வாடிக்கையாளர் கேட்பது சிவகாசி அச்சகங்களில் சகஜம். கண்ணை நம்பி மை கலப்பவருக்கு அங்கேதான் சிக்கல். காலையில் பார்த்த சிவப்பும் டியூப்லைட்டில் பார்க்கிற சிவப்பும் ஒன்றல்ல. களைத்த கண்ணுக்கு இரண்டுமே சரியாகத் தெரியும்.

பக்கத்து வீட்டு ரசத்தை ஒரு வாய் கொடுத்து, இதேபோல் வையுங்கள் என்றால் என்ன செய்வோம்? புளிப்பு எவ்வளவு, உப்பு எவ்வளவு, காரம் எவ்வளவு என்று நாக்கு பிரித்துப் பார்க்கும். ஸ்பெக்ட்ரோ என்ற நிறமளக்கும் கருவியும் நிறத்தை அப்படித்தான் பிரிக்கிறது. லேபிளின் மேல் வைத்து அழுத்தினால் அதன் விளக்கு 45 டிகிரி சாய்வில் ஒளி பாய்ச்சும். நேர் மேலே இருக்கும் சென்சார், திரும்பி வரும் ஒளியை வாங்கும். இந்தச் சாய்வு இருப்பதால் ஆர்ட் பேப்பரின் பளபளப்பு அளவைக் கெடுக்காது.

வந்த ஒளியைப் பிரிப்பதில்தான் கருவிக்குக் கருவி வித்தியாசம். விலை குறைந்தவற்றில் பல, சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வடிகட்டிகளோடு நின்றுவிடும். ஸ்பெக்ட்ரோ 400 முதல் 700 நானோமீட்டர் வரை, பத்துப் பத்தாக 31 இடங்களில் அளக்கும். புளி ரசமும் எலுமிச்சை ரசமும் ஒரே அளவு புளிக்கலாம்; புளிப்பை மட்டும் அறிந்த நாக்குக்கு இரண்டும் ஒன்றுதான். மறுபடி கொதிக்க வைத்தால் எலுமிச்சை ரசம் கசந்து காட்டிக்கொடுத்துவிடும். வேறு வேறு மைகளால் ஆன இரண்டு சிவப்புகளும் இப்படித்தான் கடை விளக்கில் ஒத்துப்போய், வெயிலில் பிரிந்துவிடும். 31 அளவுகளும் கையில் இருந்தால் எந்த வெளிச்சத்தில் பிரியும் என்பதை முன்பே கணக்கிடலாம். என்னைக் கேட்டால், கூடுதல் விலை கொடுப்பதே இதற்காகத்தான்.

அளவுகள் கடைசியில் மூன்று எண்களாகச் சுருங்கும்: வெளிர்மைக்கு எல், சிவப்பு-பச்சைக்கு ஏ, மஞ்சள்-நீலத்துக்கு பி. சிஐஇ என்ற பன்னாட்டு அமைப்பு 1976-இல் வகுத்த முறை இது. மாதிரிக்கும் அச்சான ஷீட்டுக்கும் உள்ள இடைவெளி டெல்டா ஈ. அது 1-ஐ ஒட்டி இருந்தால் பெரும்பாலோர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆஃப்செட்டின் நான்கு அடிப்படை மைகளுக்கு ஐஎஸ்ஓ 12647-2 தரம் 5 வரை விடுகிறது.

எண் வந்துவிட்டது என்று உடனே மெஷினை ஓட்டிவிடக் கூடாது. ரசத்தைத் தனியே குடித்தால் சரியாக இருக்கும் உப்பு, சோற்றில் பிசைந்தால் மட்டுப்படும். மையும் ஆர்ட் பேப்பரில் நின்றதுபோல் பளபளப்பில்லாத மேப்லித்தோ தாளில் நிற்காது; தாள் உறிஞ்சிக்கொள்ளும். ஈரத்தில் அளந்த நிறம் காய்ந்ததும் மாறும். அதனால் எந்தத் தாளில் அச்சிடப்போகிறோமோ அதே தாளில் மாதிரி போட்டு, காயவிட்டு அளக்க வேண்டும்.

ஒவ்வொரு ருசிக்கும் முன் வாய் கொப்பளிப்பதுபோல, அளக்கத் தொடங்குமுன் கூட வரும் வெள்ளைத் தட்டில் கருவியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தட்டில் மைக்கறை படிந்த விரலை மட்டும் வைக்காதீர்கள்; அது அழுக்கானால் அதற்குப் பிறகு அளப்பது அத்தனையும் தப்பு.