கணினியின் மணிக்கூடு

காலத்தை அளப்பதற்கு மனிதன் கண்ட கருவிகள் பல. நாழிகை வட்டில் தொடங்கி, 1875ஆம் ஆண்டு வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாக யாழ்ப்பாண நகரில் எழுந்த மணிக்கூட்டுக் கோபுரம் வரை அவற்றை நாம் அறிவோம். இன்று வீட்டிலும் பாடசாலையிலும் உள்ள கணினித் திரையின் மூலையிலே ஒரு சிறு மணிக்கூடு ஓடிக்கொண்டிருக்கிறது. அதனைத் திரையில் பெரிதாகக் காட்டும் சிறு செயலிகளும் உண்டு. அற்பப் பொருள்தானே என்று அதனை நாம் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் அது அரை மணி பிழைத்தால், இணையவழி விண்ணப்பம் அனுப்பவேண்டிய மாணவன் முடிவு நேரம் கடந்த பின்னரே விழித்துக்கொள்வான். ஆகவே அம்மணிக்கூடு நேரத்தை எவ்வாறு அறிகிறது, அதனை எவ்வாறு அமைப்பது என்பவற்றைச் சற்று ஆராய்வோம்.

இரவெல்லாம் மின்சாரம் இன்றிக் கிடந்த கணினி, காலையில் இயக்கியவுடன் நேரத்தைச் சரியாகச் சொல்கிறது. எப்படி? அதனுள்ளே நாணயம் போன்ற சிறு மின்கலம் ஒன்று இருக்கிறது. அதன் துணையால் குவார்ட்ஸ் என்னும் பளிங்குத் துண்டு ஒன்று செக்கனுக்கு 32,768 தடவை அதிர்ந்துகொண்டேயிருக்கும். இவ்வெண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று எஞ்சும். அதுவே ஒரு செக்கன். மின்கலம் ஓய்ந்துவிட்டால், கணினி ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் பல ஆண்டுகள் பின்னே போய் நிற்கும். மின்கலத்தை மாற்றுவதே அதற்குப் பரிகாரம்.

பளிங்கும் முற்றாக நம்பத்தக்கதன்று. நாளொன்றுக்கு ஓரிரு செக்கன் பிசகுவது அதற்கு இயல்பு. அதனாலேயே கணினி, அணு மணிக்கூடுகளைப் பின்பற்றும் நிலையங்களை இணையத்தின் வழியே இடையிடையே வினவித் தன்னைத் திருத்திக்கொள்கிறது. ஆனால் அந்நிலையங்கள் யாழ்ப்பாணத்து நேரத்தைச் சொல்வதில்லை; உலகப் பொது நேரத்தையே சொல்கின்றன. அதனோடு ஐந்தரை மணியைக் கூட்டி நமக்குக் காட்டுவது கணினியின் வேலை. எத்தனை மணியைக் கூட்டுவதென்பதை அதற்குச் சொல்லவேண்டியவர் நாமே.

இந்த ஐந்தரை மணி எங்கிருந்து வந்தது? சூரியன் ஒரு பாகை தீர்க்கரேகையைக் கடப்பதற்கு நான்கு நிமிடம் செல்லும். ஐந்தரை மணி என்பது எண்பத்திரண்டரைப் பாகைக்குரியது. யாழ்ப்பாணமோ எண்பதாம் பாகையை ஒட்டியிருக்கிறது. எனவே மணிக்கூடு பன்னிரண்டு காட்டிச் சராசரியாகப் பத்து நிமிடம் சென்ற பின்னரே இங்கு உச்சிப்பொழுது ஆகிறது. ஆக, நமது மணிக்கூடு காட்டுவது சூரியன் வகுத்த நேரமன்று. அரசு வகுத்த நேரம். அரசு வகுத்ததை அரசு மாற்றவும் கூடும்.

நம் நாட்டிலே அவ்வாறு நிகழ்ந்தும் இருக்கிறது. 1906ஆம் ஆண்டு ஏற்ற ஐந்தரை மணி வழக்கு, இரண்டாம் உலக யுத்தகாலத்தில், 1942 முதல் 1945 வரை, மாற்றப்பட்டது. பின்னர் 1996ஆம் ஆண்டு மே மாதத்தில், மின்சாரப் பற்றாக்குறையை முன்னிட்டு மணிக்கூடுகள் ஒரு மணி முன்னே தள்ளப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபரில் அதில் அரை மணி குறைக்கப்பட்டது. அந்த ஆறு மணி வழக்கு ஏறக்குறைய ஒன்பதரை ஆண்டு நிலைத்தது. தை மாதத்திலே சூரியன் காலை ஏழு மணியளவில் உதித்த காலம் அது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளிலோ பழைய ஐந்தரை மணியே வழங்கிற்று. 2002ஆம் ஆண்டு ஏ-ஒன்பது பாதை திறந்தபின் வன்னியூடாகப் பயணஞ் செய்தோர், ஒரே தீவினுள் இரண்டு நேரங்களைக் கண்டனர். 2006ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆந் திகதி, புத்தாண்டை ஒட்டி, நாடு முழுவதும் ஐந்தரை மணிக்குத் திரும்பியது.

மனிதர் கைக்கடிகாரத்தின் முள்ளை அரை மணி பின்னே திருப்பினர், காரியம் முடிந்தது. கணினிக்கு அது போதவில்லை. இலங்கைக்கு ஆறு மணி என்ற பழைய விதி, திருத்தப்படாத கணினிகளின் உள்ளே எழுதப்பட்டிருந்தது. முள்ளை மாத்திரம் பின்னே தள்ளினால், திரையில் நேரம் சரியாகத் தோன்றும். உலகப் பொது நேரத்தைப் பற்றிய அதன் கணக்கு அரை மணி பின்தங்கிவிடும். அதிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பிய கடிதம், அனுப்புவதற்கு அரை மணி முன்னரே புறப்பட்டதாகப் பதிவாகும். இணையத்தோடு இணைந்தவுடன் மணிக்கூடு மீண்டும் அரை மணி முன்னே பாயும். பிழை முள்ளில் அன்று, விதியில் இருந்தது.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம் தெளிவு. கணினியில் நேரம் பிழையெனக் கண்டால், முதலில் முள்ளைத் தொடாதீர்கள். நேர வலயத்தைப் பாருங்கள். விண்டோஸ் கணினியாயின், மூலையிலுள்ள மணிக்கூட்டின்மீது சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தி, திகதி நேர அமைப்பைத் திறந்து, ஐந்தரை மணிக்கு எதிரே உள்ள "ஸ்ரீ ஜயவர்தனபுர" என்பதைத் தெரிவு செய்க. லினக்ஸ் போன்றவற்றில் "ஆசியா, கொழும்பு" என்று காணப்படும். சென்னையைத் தெரிந்தாலும் இன்று அதே நேரமே தோன்றும். ஆனால் நாளை இரு நாடுகளில் ஒன்று தன் விதியை மாற்றினால், நம் கணினி அயல்நாட்டின் வழியே போய்விடும். அடுத்து, இணையத்திலிருந்து நேரம் பெறும் வசதியை இயக்கிவிடுக. இறுதியாக வானொலி அறிவிக்கும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இணையவழியே கேட்கும் வானொலி சில செக்கன்கள் பிந்தும் என்பதை மனத்திற் கொள்க.

பிள்ளைகள் கடல்கடந்து வாழும் வீடுகள் நம் குடாநாட்டிலே பல. அத்தகையோர் மேலும் இரு மணிக்கூடுகளை அதே கணினியில் அமைத்துக்கொள்ளலாம். இலண்டன் நமக்குக் குளிர்காலத்தில் ஐந்தரை மணியும் கோடையில் நாலரை மணியும் பிந்தியது. தொரன்ரோ, குளிர்காலத்தில் பத்தரை மணியும் கோடையில் ஒன்பதரை மணியும் பிந்தியது. இம்மாற்றத்தை விரலால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஊரின் பெயரைச் சொல்லிவிட்டால் கணினியே கணக்கிட்டுக்கொள்ளும். நாம் இங்கு விடியற்காலையில் அழைக்கும்போது, அங்கே பேரப்பிள்ளை இரவுணவு முடித்து விழித்திருக்கிறதா, உறங்கிவிட்டதா என்பதை அச்சிறு மணிக்கூடு நமக்குச் சொல்லும்.