தன்னைச் சுட்டும் சொற்கள்

ஒருவன் செய்யும் செயல் சிலபோது பிறரைச் சென்றடைகிறது. சிலபோது செய்தவனிடமே திரும்பி வருகிறது. தாய் குழந்தைக்குப் பொட்டு இடுகிறாள். பின்னர்க் கண்ணாடி முன் நின்று தனக்கும் இட்டுக்கொள்கிறாள். முன்னது பிறர்பால் சென்ற செயல். பின்னது தன்பால் மீண்ட செயல். இவ்வாறு மீளும் செயலைக் குறிப்பதற்கு மொழிக்குத் தனிச் சொல் வேண்டும். தமிழில் அச்சொல் ‘தான்’ என்பது. ஆங்கிலத்தில் ‘செல்ஃப்’ என்று முடியும் சொற்கள் அப்பணியை ஆற்றுகின்றன. இவற்றைத் தற்சுட்டுப் பெயர்கள் என்பர். இரு மொழிகளிலும் இவை ஒத்திருப்பன போலத் தோன்றினும், ஆளும் முறையில் வேறுபடுகின்றன. அவ்வேற்றுமையை அறியாது எழுதினால், ஒருவன் செய்த குற்றம் மற்றொருவன் தலையில் விழவும் கூடும். அஃது எங்ஙனம் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

எடுத்துக்காட்டுகளைத் தேடி நாம் பழவேற்காட்டு ஏரிக்குச் செல்வோம். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சில்கா ஏரிக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்படுவது இவ்வேரி. இது தமிழ்நாடு, ஆந்திரம் ஆகிய இரு மாநிலங்களிலும் பரந்து கிடக்கிறது. சிறீஅரிக்கோட்டைத் தீவு இதனை வங்கக் கடலினின்றும் பிரிக்கிறது. 1613 ஆம் ஆண்டில் டச்சுக்காரர் இக்கரையில் கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பினர். 1825 இல் இவ்வூர் ஆங்கிலேயர் வசமாயிற்று. இங்குள்ள மீனவர் ஊர்களுள் ஒன்று கோட்டைக்குப்பம்.

ஏரியில் எல்லா இடத்தும் மீன் ஒரே அளவாகக் கிடைப்பதில்லை. இறால் மிகுந்த இடங்கள் சில. வலை வெறிதே திரும்பும் இடங்கள் பல. வலிமை உடையவன் ஒருவன் நல்ல இடத்தை நாள்தோறும் தனக்கே வைத்துக்கொண்டால் மற்றவர் அடுப்பில் பூனை உறங்கும். இதனைத் தவிர்க்கக் கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர் ‘பாடு’ என்னும் முறையை வகுத்துக்கொண்டனர். பாட்டுரிமை உடையவர்கள் சீட்டுப் போட்டு, இன்ன இடம் இன்னார்க்கு என்று முறை வைத்து மீன்பிடிப்பது அவ்வழக்கம். அதனை ஒரே வாக்கியத்தில் இவ்வாறு கூறலாம்: “மீனவர்கள் இடங்களைத் தமக்குள் பகிர்ந்துகொண்டு, தத்தம் முறை வரும் நாளில் தத்தம் வலையை இடுகின்றனர்.”

இவ்வாக்கியத்தை ஆராய்வோம். ‘தமக்குள்’ என்பது அவர்கள் கூட்டத்திற்குள்ளே என்று பொருள்படும். ஆங்கிலத்தில் இதற்கு நேரான சொல் ‘தெம்செல்வ்ஸ்’ என்பது. ஆனால், ‘தத்தம்’ என்பதற்கு அவ்வாறு நேரான ஒரு சொல் ஆங்கிலத்தில் இல்லை. தம் தம் என்னும் இரண்டும் சேர்ந்து ‘தத்தம்’ ஆயிற்று. ஒவ்வொருவருக்கும் அவரவர் முறை, அவரவர் வலை என்னும் பொருளை அவ்விரட்டிப்பே தருகிறது. ஆங்கிலத்தில் செல்ஃப் என்று முடியும் சொற்கள் உடைமைப் பொருளில் வருவதில்லை. ஆதலின், ‘ஒவ்வொருவரும்’ என்று பொருள்படும் ‘ஈச்’ என்னும் சொல்லையும், ‘சொந்தமான’ என்று பொருள்படும் ‘ஓன்’ என்னும் சொல்லையும் சேர்த்தே அக்கருத்தைக் கூறுதல் வேண்டும்.

இனி, ஆங்கிலத் தற்சுட்டுப் பெயர்களை முறையாக அறிவோம். தன்மையில் மைசெல்ஃப், அவர்செல்வ்ஸ் என்பன. முன்னிலையில் யுவர்செல்ஃப், யுவர்செல்வ்ஸ் என்பன. படர்க்கையில் ஹிம்செல்ஃப், ஹெர்செல்ஃப், இட்செல்ஃப், தெம்செல்வ்ஸ் என்பன. ‘யூ’ என்னும் சொல் நீ என்பதையும் நீங்கள் என்பதையும் வேறுபாடின்றிக் குறிக்கிறது. ஆயினும், அதன் தற்சுட்டு வடிவத்தில் மட்டும் ஒருமையும் பன்மையும் வேறுபட்டு நிற்கின்றன.

தமிழிலோ ‘தான்’ படர்க்கைக்கே உரியது. தான் ஒருமைக்கும் தாம் பன்மைக்கும் உரியன என்று தொல்காப்பியம் வரையறுக்கிறது. வேற்றுமை உருபு ஏற்கும்போது இவற்றின் நெடில் குறுகித் தன், தம் என்றாகும். ஆண், பெண், அஃறிணை என்னும் வேறுபாடும் இதற்கில்லை. மீனவன் தன் வலையை உலர்த்துகிறான். அவன் மனைவி தன் கூடையை எடுக்கிறாள். நாரை தன் இறகைக் கோதுகிறது. மூவிடத்தும் ‘தன்’ என்பதே வந்தது. தன்மையிலும் முன்னிலையிலும் தனிச் சொல் வேண்டுவதில்லை. “நான் என்னைக் கண்ணாடியில் பார்த்தேன்” என்றால் போதும். ஆங்கிலத்திலோ இவ்விடத்தில் ‘மீ’ என்னாது ‘மைசெல்ஃப்’ என்றே சொல்லுதல் வேண்டும்.

ஆங்கிலத்தில் இச்சொற்களுக்கு இரு பணிகள் உண்டு. முதலாவது, செயல் செய்தவனையே அடைந்தது என்று காட்டுவது. வலை அறுக்கும் கத்தியால் ஒருவன் தன்னை வெட்டிக்கொண்டான் என்னும் இடத்தில் ‘ஹிம்செல்ஃப்’ செயப்படுபொருளாக வரும். இரண்டாவது, பெயருக்கு அழுத்தம் தருவது. ‘ஊர்த் தலைவரே வந்தார்’ என்பதில் உள்ள ஏகாரத்தின் பொருளை ஆங்கிலத்தில் ‘ஹிம்செல்ஃப்’ தரும். இவ்விரண்டையும் வேறுபடுத்த எளிய வழி ஒன்று உண்டு. அச்சொல்லை நீக்கிப் பாருங்கள். வாக்கியம் குறைபடாது நின்றால், அது அழுத்தத்திற்காக வந்தது. குறைபட்டாலோ பொருள் மாறினாலோ, அது செயப்படுபொருளாக வந்தது. இவையன்றி, ‘பை’ என்னும் சொல்லின் பின் வருங்கால், தனியாக, பிறர் துணையின்றி என்னும் பொருளையும் தரும்.

பன்மையில் மற்றொரு வேறுபாட்டையும் கருதுதல் வேண்டும். மீனவர் ‘தமக்குத் தாமே உதவிக்கொண்டனர்’ என்பது ஒன்று; ‘ஒருவருக்கொருவர் உதவினர்’ என்பது மற்றொன்று. முன்னதற்குத் ‘தெம்செல்வ்ஸ்’ பொருந்தும். பின்னதற்கு ‘ஈச் அதர்’ அல்லது ‘ஒன் அனதர்’ என்பதே பொருந்தும். பாட்டு முறையை விளக்கப் புகுவோர் முன்னதையே எழுதிவிட்டால், பகிர்ந்துண்ணும் மக்கள் தந்நலம் பேணுவோராகத் தோன்றுவர்.

இப்பொழுது இப்பாடத்தின் இன்றியமையாத பகுதிக்கு வருவோம். ஊர்க் கூட்டத்தில் ஒரு வழக்கு எழுந்ததாகக் கொள்வோம். “முனியன் தன்னை அடித்தான் என்று வேலன் கூறினான்.” அடிபட்டவன் யார்? வேலன். தமிழறிந்தார் எவரும் இதில் ஐயுறார். ‘தன்னை’ என்னும் சொல், அருகில் நிற்கும் முனியனைக் கடந்து, கூறியவனாகிய வேலனைச் சென்று சுட்டுகிறது. முனியன் தன்னையே தாக்கியிருந்தால், “முனியன் தன்னைத் தானே அடித்துக்கொண்டான்” என்போம். ‘கொள்’ என்னும் துணைவினை அச்செயல் செய்தவனிடமே மீண்டதைத் தெளிவாக்கும்.

இவ்வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதுவோன் ஒருவன், ‘தன்னை’ என்பதற்கு ‘ஹிம்செல்ஃப்’ என்று எழுதினான் என்க. ஆங்கிலத்தில் அச்சொல் தான் நிற்கும் சிறு வாக்கியத்தின் எழுவாயையே சுட்டும், அவ்வெல்லையைத் தாண்டாது. ஆகவே, முனியன் தன்னைத் தானே அடித்துக்கொண்டான் என்று பொருள் மாறிவிடும். அடித்தவனே அடிபட்டவன் ஆவான். வேலனின் முறையீடு பொருளற்றதாகும். ஒரு சொல்லால் வழக்கே தலைகீழாயிற்று அன்றோ? இங்கு ‘ஹிம்’ என்று எழுதுவதே முறை. ஆயினும், அந்த ‘ஹிம்’ வேலனையும் குறிக்கலாம், வேறொருவனையும் குறிக்கலாம். ஆதலின், ஐயம் எழக்கூடிய இடத்தில் பெயரையே மீண்டும் எழுதுதல் நலம். தமிழில் அவ்வையம் இல்லை. வேலனாயின் ‘தன்னை’ என்போம்; மூன்றாம் ஒருவனாயின் ‘அவனை’ என்போம்.

உடைமையைக் கூறும் இடத்திலும் இத்தெளிவைக் காணலாம். “வேலன் தன் வலையை உலர்த்தினான்” என்றால் வலை வேலனுடையது. “வேலன் அவன் வலையை உலர்த்தினான்” என்றால் வலை பிறனுடையது என்றே பெரும்பாலும் கொள்வோம். ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ‘ஹிஸ்’ என்னும் ஒரே சொல்தான். ஆனால், ‘ஹிம்செல்ஃப்’ என்னும் சொல் அருகிலுள்ள எழுவாயை உறுதியாகச் சுட்டும் தெளிவு, ‘தன்னை’ என்னும் சொல்லுக்குத் தனியே நின்றால் இல்லை. ஆகவே, ஒரு மொழி தெளிவானது, மற்றொன்று குழப்பமானது என்று கூறுதல் பொருந்தாது. இரு மொழிகளும் ஐயத்தை விலக்கும் இடங்கள் வேறு வேறு என்பதே உண்மை.

பழைய ஆங்கிலத்தில் இந்நிலை இல்லை. அவனை என்னும் பொருளுடைய சொல்லே தன்னை என்னும் பொருளிலும் வழங்கிற்று. ‘செல்ஃப்’ என்பது அழுத்தம் தருவதற்காக அதனுடன் சேர்க்கப்பட்டது. காலப்போக்கில் இரண்டும் ஒட்டி ஒரே சொல்லாகித் தற்சுட்டுப் பொருளுக்கே உரியவாயின. தமிழின் ‘தான்’ இவ்வாறு ஒட்டுச் சொல் அன்று. அது திராவிட மொழிகளின் பழஞ்செல்வம். தெலுங்கில் தானு, கன்னடத்தில் தானு, மலையாளத்தில் தான் என அது வழங்குகிறது. 1856 இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், இச்சொல்லைத் தனியே எடுத்து ஆராய்ந்துள்ளார். பழவேற்காட்டு ஏரியின் தென்கரையில் தமிழ் பேசும் மீனவர் ‘தன் வலை’ என்கின்றனர். வடகரையில் தெலுங்கு பேசுவோர் ‘தன வல’ என்கின்றனர். நீர் இரு மாநிலங்களுக்கு உரியதாயினும், தன்னைச் சுட்டும் சொல் இரு கரைக்கும் பொதுவாயிற்று.

மாணவர்கள் பலர் தம்மை ஆங்கிலத்தில் அறிமுகம் செய்துகொள்ளும்போது, “மைசெல்ஃப் கண்ணன்” என்று தொடங்குவர். பணிவின் பொருட்டு அவ்வாறு சொல்வதாகவும் எண்ணுவர். ஆனால், தற்சுட்டுப் பெயர் முன்னே ஒரு பெயர் இருந்தாலன்றி நிற்க இயலாதது. கரையில் நட்ட கழி இல்லாமல் படகைக் கட்டுவது எங்ஙனம்? ‘ஐ’ என்பதே அக்கழி. “ஐ ஆம் கண்ணன்” என்று நேரே கூறுதலில் செருக்கு ஒன்றும் இல்லை.

ஆகவே, தற்சுட்டுப் பெயர் ஒன்றை எழுதுமுன் இரு வினாக்களை எழுப்புக. இச்சொல் யாரைச் சுட்டுகிறது? நான் எழுதும் மொழியில் அது அவரைச் சென்று அடையுமா? இவ்விரண்டிற்கும் விடை கண்ட பின்னரே எழுதுக. சொல் சிறிதாயினும், செய்தவர் யார், பட்டவர் யார், உடையவர் யார் என்பதை அதுவே முடிவு செய்கிறது. ஏரியில் பிறர் பாட்டில் வலையிடாத மீனவரைப் போல, ஒருவர்க்குரிய சொல்லை மற்றொருவர்மேல் ஏற்றாது எழுதப் பழகுதல் வேண்டும்.