சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்டை விக்கிறீங்களா? பேரத்துல பணம் போகாம பாத்துக்கோங்க!

கோவில்பட்டியில 40 லட்சத்துக்கு வீடு வாங்குறவர், முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% என்று மேற்கொண்டு 3.6 லட்சம் கட்டணும். அதனால வீடு பார்க்க வரும்போதே விலையைக் குறைக்க ஒரு காரணம் தேடுவார். அதை நாம கொடுக்கக் கூடாது.

சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீடு எப்பவும் பளிச்சுன்னு இருக்காது. வாசல், ஹால், அடுப்படி, பாத்ரூம், இந்த நாலும் சுத்தமா இருந்தா போதும். பொம்மைகளுக்கு ஒரே பெரிய கூடை வைங்க. போன் வந்ததும் பத்து நிமிஷத்துல அள்ளிப் போட்டுடலாம். மழைக்காலத்துல கரிசல் சேறு காலோட உள்ளே வரும். வாசல்லயே ஒரு வாளித் தண்ணி இருக்கட்டும். பார்க்க வர்றவங்களுக்கு ஞாயிறு சாயங்காலம்னு நேரம் சொல்லிட்டா, பிள்ளைங்களை ஆச்சி வீட்டுக்கு அனுப்பிடலாம்.

முக்கியமான விஷயம்: கரிசல் மண் மழையில உப்பும், வெயில்ல சுருங்கும். அதனால சுவர்ல விரிசல் விழும். பிள்ளைங்க கிறுக்கினதுக்குப் பெயிண்ட் அடிங்க. விரிசலுக்கு மேல அடிச்சு மறைக்காதீங்க. ஊர்க்காரர் கண்டுபிடிச்சிடுவார், அப்புறம் எதையும் நம்ப மாட்டார். அது பூச்சு விரிசலா, அஸ்திவார விரிசலான்னு இன்ஜினியர்கிட்ட செலவுக் கணக்கோட எழுதி வாங்கி வைங்க. உதாரணத்துக்கு, 30,000 ரூபாய் வேலைன்னு காகிதம் கையில இருந்தா, 2 லட்சம் குறைங்கன்னு யாரும் சுலபமா கேட்க முடியாது.