அப்பாவின் முதுகும் 530 காஸும்

சூப்பர் கண்டக்டர் என்றால் போன மாதம் வரை எனக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். காலை பஸ்ஸில் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினாலும் முறைக்காமல் மீதி தருகிற மகானுபாவர்! அப்படி ஒருவரை நான் இன்னும் சந்தித்ததில்லை.

இன்னொரு வகை சூப்பர் கண்டக்டர் உண்டு என்பது அப்பாவின் இடது கால் மரத்துப்போக ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. மயிலாப்பூரில் டாக்டர் தட்டிப் பார்த்தார், குத்திப் பார்த்தார். "எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு வாங்க. ஆபரேஷனா, மாத்திரையான்னு அப்புறம் சொல்றேன்" என்றார். 'ஆபரேஷன்' என்ற வார்த்தையோடு அப்பா அன்றிரவு தூங்கவில்லை. நானும்தான்.

தி.நகரில் ஒரு ஸ்கேன் சென்டர். பணம் கட்டி, ரசீது வாங்கி, அப்பாவின் வாட்ச், மோதிரம், அரைஞாண், பனியனில் குத்தியிருந்த ஊக்கு (எதற்கு என்று அவருக்கே தெரியாது) எல்லாவற்றையும் கழற்றி முடித்தபோது கவுன்ட்டர் பெண் வந்து சொன்னார்: "ஸாரி சார், மேக்னட் குவெஞ்ச் ஆயிடுச்சு. ஹீலியம் ரொப்பி, திரும்ப சார்ஜ் பண்ணணும். பத்து நாள் ஆகும்."

"ஒரு மெஷின் ரிப்பேராக பத்து நாளா?"

"ரிப்பேர் இல்ல சார். குவெஞ்ச்."

எனக்கு வந்த கோபத்தில் அந்த ஹீலியத்தை என் தலையிலேயே ரொப்பியிருக்கலாம். மற்ற இடங்களில் விசாரித்தால் எங்கும் ஒரு வாரக் காத்திருப்பு. அப்பாவோ, "பணம் கட்டியாச்சே" என்று அசையவில்லை.

மறுநாள் காலை லஸ் நாகேஸ்வரராவ் பூங்காவில் எங்கள் தெரு புரொபசர் சிக்கினார். நாற்பது வருஷம் கல்லூரியில் பௌதிகம் நடத்தி ரிடையர் ஆனவர். பி.காம். படித்த என்னை 'காமர்ஸ்' என்றுதான் கூப்பிடுவார். ஸ்கேன் புலம்பலைக் கேட்டு முடித்துவிட்டு, "ரசீது இருக்கா?" என்றார். ஏதோ சிபாரிசு செய்யப் போகிறார் என்று நம்பி எடுத்துக் கொடுத்தேன். பின்பக்கம் திருப்பிக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

"காமர்ஸ், உனக்கு ஓவர்டிராஃப்ட் தெரியுமில்ல?"

"தெரியும் சார். என் வாழ்க்கையே அதுதான்."

"சூப்பர் கண்டக்டருக்கும் ஒரு லிமிட் உண்டுய்யா. பணத்துல இல்ல, காந்தத்துல."

விஷயம் இதுதான். சில உலோகங்களைக் கன்னாபின்னாவென்று குளிர வைத்தால் மின்தடை சுத்தமாகப் போய்விடும். ஹாலந்தில் காமர்லிங் ஆன்ஸ் என்பவர் 1908-ல் ஹீலியத்தைத் திரவமாக்கினார். 1911-ல் அதில் பாதரசத்தைக் குளிர்வித்தபோது, சுமார் 4.2 கெல்வினில், அதாவது மைனஸ் 269 டிகிரி செல்சியஸில், தடை காணாமல் போனது! தடையே இல்லாத கம்பியைச் சுருட்டி 1 லட்சம் காஸ் பலமுள்ள காந்தம் செய்யலாம் என்று 1913-ல் கனவு கண்டார். (நம் காலடியில் பூமியின் காந்தம் அரை காஸ்கூட இல்லை.) ஈயக் கம்பியைச் சுருட்டிக் கரன்ட் கொடுத்தார். சில நூறு காஸ் வந்ததுமே கம்பி சாதாரண ஈயமாகி மானத்தை வாங்கியது. தன் காந்தப்புலத்தையே தன்னால் தாங்க முடியவில்லை. கிரெடிட் கார்டு கொடுத்த முதல் மாதத்தில் நான் செய்ததும் இதுவே.

இந்தத் தாங்கும் எல்லைக்கு மாறுநிலைக் காந்தப்புலம் என்று பெயர். சிக்கல் என்னவென்றால், அது நிலையாக நிற்காது. வெப்பநிலை ஏற ஏற, பேங்க் மேனேஜர் மாதிரி லிமிட்டைக் குறைத்துக்கொண்டே வரும்.

"எவ்வளவு குறையும்? அதுக்கு நாலு வரிக் கணக்கு. இப்ப இருக்கிற வெப்பநிலையை, அந்த உலோகத்தோட மாறுநிலை வெப்பநிலையால வகு. வந்ததை அதாலயே பெருக்கு. ஒண்ணுலேர்ந்து கழி. மிச்சத்தை முழு லிமிட்டால பெருக்கு. அவ்வளவுதான்" என்றார். ஈயத்துக்கு மாறுநிலை 7.2 கெல்வின். முழு லிமிட், அதாவது பூஜ்ய கெல்வினில், 803 காஸ். திரவ ஹீலியத்தில் 4.2 கெல்வின். வகுத்தால் 0.583. தன்னாலேயே பெருக்கினால் 0.34. கழித்தால் 0.66. ஆக, 530 காஸ்.

லட்சம் எங்கே, 530 எங்கே!

"இப்ப 7 கெல்வினுக்குப் போடு" என்றார். போட்டேன். 44 காஸ்!

எனக்கு ஆச்சரியம் தந்தது அந்த இறக்கம்தான். மாறுநிலை வெப்பநிலையில் பாதி வரை போனாலும் லிமிட்டில் கால்வாசிதான் குறைகிறது. முக்கால்வாசி கையில் இருக்கிறது. பத்தில் ஒன்பது பங்கு போனால் 19 சதவீதம்தான் மிச்சம். ஆரம்பத்தில் சமத்தாக இருந்துவிட்டுக் கடைசியில் காலை வாருகிற ரகம்.

ஏன் இப்படி? டெபிட், கிரெடிட் பாஷையில் சொன்னார். சூப்பர் கண்டக்டராக இருப்பதில் உலோகத்துக்கு ஆற்றல் லாபம். வெளிக் காந்தப்புலத்தை உள்ளே விடாமல் தள்ளிப் பிடிப்பது செலவு. (தள்ளுகிற குணத்தை 1933-ல் கண்டுபிடித்தவர்கள் மைஸ்னரும் ஓக்சன்ஃபெல்டும்.) சூடு ஏற ஏற லாபம் சுருங்கும். செலவு லாபத்தைத் தாண்டிய நிமிஷம் உலோகம் கடையை மூடிவிடும். கார்ட்டரும் காசிமிரும் 1934-ல் சொன்ன கொள்கையில் இந்த வளைகோடு அப்படியே வந்துவிடுகிறது. நிஜத்தில் ஓரிரு சதவீதம் முன்னே பின்னே இருக்கும். ஆடிட்டர்கள் மன்னிக்கக்கூடிய வித்தியாசம்.

"சரி சார், ஸ்கேன் மெஷின்ல ஈயமா இருக்கு?"

"சேச்சே! நியோபியம் - டைட்டானியம் கலவை."

இது வேறு ஜாதி. காந்தப்புலத்தை முழுக்கத் தள்ளாமல், நூல் நூலாக உள்ளே விட்டுச் சமாளிக்கும். இதற்கு விளக்கம் தந்த ரஷ்யர் அப்ரிகோசோவுக்கு 2003-ல் நோபல் பரிசு. வீட்டு ஓனரிடம் தவணை சொல்லி வண்டி ஓட்டுகிற சாமர்த்தியம். அதனால் 4.2 கெல்வினிலும் ஏறக்குறைய 1 லட்சம் காஸ் தாங்கும். ஆன்ஸ் கண்ட கனவு! எம்.ஆர்.ஐ. மெஷினுக்குப் பொதுவாக 15 ஆயிரம் காஸ் போதும். அதைத்தான் 1.5 டெஸ்லா என்கிறார்கள். ஒரு தடவை கரன்ட் ஏற்றி முனைகளை இணைத்துவிட்டால், கரன்ட் பில் இல்லாமல் வருஷக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

வளைகோட்டுக்கு உள்ளே இருக்கும் வரைதான் இந்தச் சுகம். எங்கேயோ ஒரு கம்பி முடியளவு நகர்கிறது என்று வையுங்கள். உரசலில் துளி சூடு. அந்த இடத்தில் லிமிட் சரிகிறது, தடை முளைக்கிறது, தடையால் இன்னும் சூடு, பக்கத்துக் கம்பிக்கும் அதே கதி. சில விநாடிகளில் மொத்தச் சுருளும் திவால். திரவ ஹீலியம் கொதித்துக் குழாய் வழியே மொட்டை மாடிக்கு மேல் பறந்துவிடும். ஒரு லிட்டர் திரவம் 700 லிட்டருக்கு மேல் வாயுவாகும். இதற்குப் பேர்தான் குவெஞ்ச். ஹீலியமோ பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய சரக்கு. கவுன்ட்டர் பெண்ணிடம் நான் கத்தியது எவ்வளவு அசட்டுத்தனம் என்று அப்போது உறைத்தது.

"ஹீலியமே வேணாம்னு ஒரு சரக்கு வராதா சார்?"

"வந்ததே! 1987-லயே 90 கெல்வினுக்கு மேல வேலை செய்யற பீங்கான் மாதிரிப் பொருள் கண்டுபிடிச்சாங்க. பால் விலைக்குக் கிடைக்கிற திரவ நைட்ரஜனே போதும். அது ஏன் அப்படி நடந்துக்குதுன்னு ஆண்டர்சனோட சேர்ந்து அதே வருஷம் ஒரு கொள்கை சொன்னவர் நம்ம பாஸ்கரன். அடையாறு தாண்டி, தரமணி கணித அறிவியல் கழகத்துல இருந்தவர்." பொருள் சரி, கம்பியாக இழுப்பதுதான் பாடு என்றார். பீங்கானைச் சுருட்டினால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டுக் காபிக் கோப்பைகளுக்குத் தெரியும்.

பதினோராம் நாள் போன் வந்தது. அப்பா மறுபடி ஊக்கைக் கழற்றினார். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்து, "உள்ள எவனோ சுத்தியலால தட்டிண்டே இருந்தான்டா" என்றார். கண்ணாடிக்கு அப்பால் கவுன்ட்டர் பெண்ணைப் பார்த்து நான் அசடு வழியச் சிரித்தேன். அவரும் சிரித்தார். மறக்கவில்லை போலிருக்கிறது.

டாக்டர் படத்தை விளக்கில் மாட்டி ரொம்ப நேரம் பார்த்தார். அந்த இரண்டு நிமிஷம் எனக்குப் பத்து நாளைவிட நீளம். "டிஸ்க் லேசா பிதுங்கியிருக்கு. கத்தி வேணாம். பிசியோதெரபி போதும்" என்றார். அப்பா படிகளில் என் தோளைப் பிடிக்காமல் இறங்கினார்.

ஆபீஸில் மெடிக்கல் கிளெய்முக்கு ரசீதைக் கொடுத்தேன். கணக்குப் பிரிவு நண்பர் முன்பக்கம் பார்த்தார். திருப்பினார். மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார்:

"இதென்ன சார், பின்னாடி 530? இது தனி சார்ஜா?"