காக்கியும் காடும் – 9: தீக்குச்சி கிழித்தவர்

இந்த வாரம் தலக்கோனா அருவி என்று சொல்லியிருந்தேன். காட்டில் எது நடந்தாலும் முதலில் போய்ச் சேருவதும் வனக்காவலர்தான், முதலில் பழி சுமப்பதும் அவர்தான் என்பது வரை இந்தத் தொடரில் வந்திருந்தோம். அருவி காத்திருக்கட்டும். பங்குனி வெயிலில் பொதட்டூர்பேட்டையிலிருந்து பார்த்தால் தெரிகிற நகரி மலைச்சரிவுகளில் புல் காய்ந்து கிடக்கிறது. இப்போது பேச வேண்டியது தண்ணீரை அல்ல, தீயை.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிக்கு மேலே, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைச் சரிவில் தீ வளைத்தது. இறந்தவர்கள் கடைசிக் கணக்கில் 23 பேர். செய்தி கேட்டதும் ஊர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும் மலையேறி, டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்களும் வந்தன. அதன்பின் நாடே கேட்டது ஒரே கேள்வி: யார் அனுமதி கொடுத்தது? வனச்சரகர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், விசாரணை நடந்தது, மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் தீக்காயம் பட்டவர்களில் பலர் மலையிலிருந்து உயிரோடு இறக்கப்பட்டு, பிறகு மருத்துவமனைகளில் இறந்தார்கள். மீட்பு எவ்வளவு விரைந்திருந்தாலும், முடிவு முதல் சில நிமிடங்களிலேயே எழுதப்பட்டுவிட்டது. அந்த நிமிடங்களில் குழுவோடு யார் நிற்கிறார், அவருக்கு என்ன தெரியும் என்பதே என் கேள்வி.

தீக்கு மேடு பிடிக்கும். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்போர் கையாளும் கணக்கு. 30 டிகிரி மேட்டில் சமதரையைப்போல எட்டு மடங்கு. மேலே நிற்கும் புல்லைக் கீழிருந்து வரும் அனலே காயவைத்துத் தயார் செய்துவிடும். மனிதக் கால்களோ மேட்டில் தளரும். ஆக, மேலே ஓடுகிறவர் தோற்கப்போகிற பந்தயத்தில்தான் ஓடுகிறார். இதை 1949 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில் ஒருவர் நொடியில் புரிந்துகொண்டார். வாக்னர் டாட்ஜ், பாராசூட்டில் குதித்துத் தீயணைக்கும் குழுவின் தலைவர். பின்னால் தீ துரத்த, அவர் ஓட்டத்தை நிறுத்தித் தீக்குச்சியைக் கிழித்து முன்னாலிருந்த புல்லையே கொளுத்தினார். எரிந்து முடிந்த கரித்தரையில் குப்புறப் படுத்தார். பெருந்தீ வந்தபோது அங்கே எரிய ஒன்றும் மிச்சமில்லை. மற்றவர்களையும் உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டார், யாரும் வரவில்லை. 13 பேர் இறந்தார்கள், அவரோடு பிழைத்தவர்கள் இருவர். இறந்தவர்களில் ஒருவர், முந்தைய ஆண்டு வரை பாராசூட் குழுவில் இருந்து, அது ஆபத்தான வேலை என்று விலகி அந்தக் காட்டிலேயே காவலராகச் சேர்ந்தவர்! இந்த வாரம் முழுக்க என்னை விடாமல் பிடித்துக்கொண்டது இந்த ஒரு தகவல்தான்.

குரங்கணியில் யாராவது தீக்குச்சி கிழித்திருக்க வேண்டும் என்கிறேனா? இல்லை. டாட்ஜ் மூட்டிய தீயே மற்றவர்களைக் கொன்றது என்று இறந்த ஒருவரின் தந்தை குற்றம் சாட்டினார். விசாரணைக் குழு அதை ஏற்கவில்லை. பழகாத கையில் அது கொலைக் கருவி என்பதும் உண்மை. நான் சொல்வது வேறு. அந்த வித்தை தெரிந்தவர் ஒருவர் இருந்தும் 13 பேர் போனார்கள், ஏனென்றால் மற்றவர்களுக்கு அது முன்பே சொல்லித்தரப்படவில்லை. மேட்டில் ஓடாதே, ஏற்கெனவே கருகிய தரையையோ பாறைத் திட்டையோ தேடு என்பதைப் புறப்படும் முன்பே சொல்லும் ஆள் வேண்டும்.

மலையை மூடிவிட்டால் போயிற்று என்பார்கள். தீக்காலத்தில் மூடுவது நியாயம். ஆண்டு முழுக்க மூடினால் திருட்டுத்தனமாக ஏறுவார்கள். எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்றுகூட வனக்காவலருக்குத் தெரியாது. காட்டைக் காக்கச் சம்பளம் வாங்குகிறவருக்குச் சுற்றுலாக்காரரைக் காக்கும் வேலை எதற்கு என்றும் கேட்கலாம். அந்த வேலை இப்போதும் அவர் தலையில்தான் விழுகிறது, பயிற்சி இல்லாமல். தமிழக அரசு 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் பதிவும் உண்டு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளும் உண்டு. குரங்கணிக்குப் பிறகு நடந்தவற்றில் உருப்படியானது இதுதான். நகரி, நாகலாபுரம் மலைகள் ஆந்திர எல்லைக்குள் இருக்கின்றன. ஏறுகிறவர்களில் பலர் சென்னைக்காரர்கள். இரண்டு மாநில வனத்துறைகளும் உட்கார்ந்து பேசி அங்கேயும் இதே ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். அதுவரை, நம் பக்கத்து இளைஞர்களே, மழைக்காலம் வரும்வரை அந்தப் புல்மேட்டுப் பக்கம் போகாதீர்கள். அடுத்த வாரம் தலக்கோனா.